கரும்புக்குள் அன்னாசி மணம்

பொங்கல் கரும்பைக் கடிக்கும்போது, கணுவின் ஓரத்தில் கூர்மையாக ஒரு சிறு முளை ஒட்டிக்கொண்டிருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? பல்லுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைச் சீவி எறிந்துவிடுவோம். அதற்குப் பெயர் பரு. அடுத்த கரும்பு அந்தப் பருவிலிருந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு பரு உண்டு. ஒரு கணுவில் இடப்பக்கம் இருந்தால் அடுத்த கணுவில் வலப்பக்கம் இருக்கும். அடுத்த முறை கரும்பை உரிப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்.

"கரும்புக்கு விதை கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு. கரும்பு பூக்கும், மிக மிகச் சிறிய விதைகளும் பிடிக்கும். ஆனால் விதையிலிருந்து முளைக்கும் கரும்புகள் ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒன்று தடித்து வளரும், ஒன்று மெலிந்து போகும், ஒன்றில் சாறே இருக்காது. ஆகவே புதிய ரகம் உருவாக்கும் விஞ்ஞானிகளுக்குத்தான் விதை தேவை. கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தில் அந்த வேலை நடக்கிறது. விவசாயியோ கரும்பையே துண்டு துண்டாக வெட்டி நடுகிறார். அந்தத் துண்டுக்குக் கரணை என்று பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு பரு உள்ள கரணைகளை நடுவார்கள். ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு 75,000 கரணைகள் வேண்டும் என்பது வேளாண் பரிந்துரை.

அவ்வளவு கரணைகளும் முளைத்துவிடுமா? இல்லை. நட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வரிசையில் ஆங்காங்கே வெற்றிடம் தெரியும். விவசாயிகள் இதைப் போக்கிடம் என்பார்கள். அந்த இடத்தில் மண்ணைக் கிளறி, முளைக்காத கரணையை எடுத்துப் பிளந்து பார்த்தால் சில சமயம் ஒரு வியப்பு காத்திருக்கும். உள்ளே கறுத்துப்போன கரும்பிலிருந்து, நன்றாகப் பழுத்த அன்னாசிப் பழத்தின் மணம் வரும்!

கரும்புக்குள் அன்னாசி மணம் எப்படி வந்தது? மணம் இருக்கும் கரணை ஏன் முளைக்கவில்லை? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

கட்டுச்சோற்றோடு ஒரு பயணம்

முதலில் கரணை எப்படி முளைக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

வயலில் நிற்கும் கரும்பில் பருக்கள் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். கரும்பின் உச்சியில் உள்ள குருத்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. "நான் மேலே வளர்ந்துகொண்டிருக்கிறேன், நீங்கள் பொறுத்திருங்கள்" என்று பருக்களுக்குச் சொல்லும் செய்தி அது. கரும்பை வெட்டித் துண்டாக்கியதும் அந்தச் செய்தி நின்றுபோகிறது. மண்ணின் ஈரமும் வெப்பமும் சேர்ந்ததும் பரு விழித்துக்கொள்கிறது.

விழித்த பருவுக்கு வேர் இல்லை; உணவு தயாரிக்க இலையும் இல்லை. அப்படியானால் எதைத் தின்று வளரும்? கரணைக்குள் இருக்கும் சர்க்கரையைத்தான். தொலைதூரப் பயணத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புவதுபோல, ஒவ்வொரு பருவும் தன் உணவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது. கரும்புச் சர்க்கரையைக் கரணையில் உள்ள நொதிகள் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று சிறு சர்க்கரைகளாக உடைத்துத் தர, பரு அதை எடுத்துக்கொண்டு பருக்கிறது.

கணுவைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அவை வேரின் தொடக்கங்கள். அவற்றிலிருந்து மெல்லிய வேர்கள் கிளம்பித் தண்ணீரை உறிஞ்சித் தரும். இவை கரணை வேர்கள். ஏழு முதல் பத்து நாளில் முளைகள் மண்ணுக்கு வெளியே தலைகாட்டத் தொடங்கும். எல்லாம் முளைத்து முடிய ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் இளம்பயிரின் அடியிலிருந்து அதன் சொந்த வேர்கள், தடித்தவை, இறங்கிவிடும். இலையும் விரிந்துவிடும். அதன் பிறகு அது யாரையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஆக, நட்ட நாளிலிருந்து சொந்த வேர் இறங்கும் நாள்வரை உள்ள சில வாரங்கள்தான் கரும்பின் வாழ்க்கையிலேயே மிகவும் ஆபத்தான காலம்.

வெட்டுவாய் வழியே வரும் விருந்தாளி

கரும்பின் தோல் எவ்வளவு கெட்டி என்று பல்லால் உரித்தவர்களுக்குத் தெரியும். அதன்மேல் மெழுகும் பூசியிருக்கும். அந்தக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு நுழைவது நுண்ணுயிர்களுக்குக் கடினம். ஆனால் நாம் கரணை வெட்டும்போது இரண்டு பக்கமும் கவசத்தைத் திறந்துவிடுகிறோம். ஈரமும் இனிப்பும் நிறைந்த இரண்டு வெட்டுவாய்கள் மண்ணுக்குள் போகின்றன.

மண்ணில் தயலவியாப்சிஸ் என்ற பூஞ்சை காத்திருக்கிறது. பூஞ்சை என்பது செடியும் அல்ல, விலங்கும் அல்ல. பழைய ரொட்டியில் பஞ்சுபோல் படர்வதும், மழைக்காலத்தில் குடையாக முளைக்கும் காளானும் பூஞ்சை இனமே. தயலவியாப்சிஸ் பூஞ்சை இரண்டு விதமான வித்துகளை உண்டாக்கும். ஒன்று மெல்லியது, நிறமற்றது. இவை ஒரு குழாய்க்குள் உருவாகி ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். கிடைத்த இடத்தில் வேகமாகப் பரவ இவை உதவுகின்றன. மற்றொன்று கறுத்தது, தடித்த சுவருள்ளது. உணவு கிடைக்காத நாளிலும் மண்ணில் உயிரோடு காத்திருப்பது இதன் வேலை.

வெட்டுவாயில் வித்து முளைத்ததும் பூஞ்சையின் நூலிழைகள் கரணைக்குள் ஓடுகின்றன. முதலில் வெட்டுவாய் சிவக்கும். பிறகு நடுப்பகுதி கறுக்கும். சாறு நிறைந்த மென்மையான சதை அழுகி, நார்கள் மட்டும் தனித்தனியாக நிற்கும். கடைசியில் கரணை உள்ளே குடைந்ததுபோல் வெறுமையாகிவிடும். தமிழ்நாட்டில் இதைக் கரணை அழுகல் நோய் என்கிறோம். அன்னாசி நோய் என்ற பெயரும் இதற்கு உண்டு.

இந்தப் பூஞ்சையும் இதன் நெருங்கிய உறவினங்களும் கரும்போடு நிற்பதில்லை. அன்னாசிப் பழத்தை அழுகவைப்பதும், தென்னை மரத்தின் தண்டில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பாகச் சாறு வடியவைப்பதும் இந்தக் கூட்டமே.

மணம் எங்கிருந்து வருகிறது?

பூஞ்சைக்கும் உணவு சர்க்கரைதான். பருவின் கட்டுச்சோற்றில் அது பங்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் பருவுக்கு வரும் கெடுதல் பசி மட்டுமல்ல.

பூஞ்சை சர்க்கரையைச் சிதைக்கும்போது பல புதிய வேதிப்பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்று எத்தில் அசிடேட். சாராயச் சத்தான எத்தனாலும், புளிக்காடியில் உள்ள அசிட்டிக் அமிலமும் இணைந்தால் கிடைக்கும் பொருள் இது. நிறமற்ற திரவம், மிக எளிதில் ஆவியாகும். வாசனையோ இனிய பழ வாசனை! பழுத்த அன்னாசியில் இயற்கையாகவே இது சிறிதளவு இருக்கிறது. நகப்பூச்சைத் துடைத்தெடுக்கும் திரவங்கள் சிலவற்றிலும் இதுதான் சேர்கிறது.

இந்த இனிய ஆவிக்கு இன்னொரு முகமும் உண்டு. பூச்சிகளைப் பற்றி ஆராய்கிறவர்கள், பிடித்த பூச்சியை உடல் சிதையாமல் கொல்ல, மூடிய ஜாடிக்குள் சில துளி எத்தில் அசிடேட்டைத்தான் விடுகிறார்கள். பழத்தில் துளியளவு இருக்கும்போது நம் நாவுக்குச் சுவை தருகிற அதே பொருள், மூடிய இடத்தில் செறிந்துவிட்டால் உயிரை எடுக்கிறது. ஒரு பொருள் நஞ்சா இல்லையா என்பதை அதன் அளவும், அது எந்த இடத்தில் யார்மேல் படுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வேதியியலில் நீங்கள் கற்கப்போகும் பெரிய பாடங்களில் இது ஒன்று.

இப்போது கரணையை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு மூடிய இடம்தான். வெளியே கெட்டித் தோல். அதற்கும் வெளியே மண். உள்ளே உண்டாகும் ஆவி எளிதில் வெளியேற முடியாது. அது கரணை முழுவதும் பரவிப் பருவைச் சூழ்ந்துகொள்கிறது. பூஞ்சையின் இழை பருவைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு முன்பே அதன் நஞ்சு அங்கே போய்விடுகிறது. எத்தில் அசிடேட் கொழுப்புப் பொருள்களைக் கரைக்கக் கூடியது. உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது என்பதையும் சேர்த்து யோசித்தால், இளம் பருவுக்கு இது ஏன் ஆபத்து என்று உங்களுக்கே புரியும்.

ஜாவாவில் அப்பா, உட்ரெக்டில் மகன்

இதையெல்லாம் முதலில் கவனித்தவர்கள் யார்? கதை இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குப் போகிறது.

அப்போது ஜாவா டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. தீவெங்கும் கரும்புத் தோட்டங்கள், சர்க்கரை ஆலைகள். 1880களில் கரும்பைப் புதுப்புது நோய்கள் தாக்கவே, கரும்புக்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் தொடங்கப்பட்டன. மேற்கு ஜாவா நிலையத்துக்கு 1891இல் வந்து சேர்ந்தார் எப்.ஏ.எப்.சி. வென்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர். அழுகிய கரணைகளை வெட்டி, உருப்பெருக்கியில் பார்த்து, அன்னாசி மணத்துக்குக் காரணமான பூஞ்சையை 1893இல் விவரித்தார். அதே ஆண்டில் கரும்பின் மற்றொரு கொடிய நோயான செவ்வழுகலை உண்டாக்கும் பூஞ்சைக்கும் அவரே அறிவியல் பெயர் சூட்டினார். இன்று நம் ஊர் வேளாண் கல்லூரிகளில் படிக்கப்படும் கரும்பு நோய்ப் பாடத்தில் அவர் பெயர் இருக்கிறது.

1896இல் வென்ட் நெதர்லாந்து திரும்பி, உட்ரெக்ட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அவருக்கு 1903இல் ஒரு மகன் பிறந்தான். பெயர் பிரிட்ஸ் வென்ட். மகனும் தாவரவியல் படித்து, அப்பாவின் ஆய்வுக்கூடத்திலேயே வேலை செய்தார். ஓட்ஸ் பயிரின் இளம் முளை நுனிகளை வெட்டிக் கடற்பாசிக் கூழ்த் துண்டுகள்மேல் வைத்தார். நுனியிலிருந்து இறங்கிய ஏதோ ஒன்று அந்தக் கூழில் சேர்ந்தது. அந்தக் கூழை நுனியில்லாத முளைமேல் வைத்தால் முளை வளர்ந்தது! 1926இல் செய்த இந்தச் சோதனைகளை 1928இல் விரிவாக வெளியிட்டார். அப்படி வெளிச்சத்துக்கு வந்த பொருள்தான் ஆக்சின். கரும்பின் குருத்து பருக்களுக்கு அனுப்பும் செய்தி என்று சற்றுமுன் சொன்னோமே, அதுவே.

பருவை முளைக்கவிடாத பூஞ்சையை அப்பா ஆராய்ந்தார். பருவை உறங்கவும் விழிக்கவும் வைக்கும் பொருளை மகன் கண்டார். ஒரே வீட்டில் இரண்டு தலைமுறை ஆர்வம்!

அன்னாசி மணத்துக்கும் முளைக்காமைக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தும் ஆய்வு பின்னால் தைவானில் நடந்தது. மணத்துக்குக் காரணமான எத்தில் அசிடேட்டே கரும்புப் பருவின் முளைப்பைத் தடுக்கிறது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்டார்கள். இந்த மணம் சில சிறு வண்டுகளுக்கு மிகவும் பிடிக்கும் என்பதும், வந்து போகும் வண்டுகளின் உடம்பில் பூஞ்சை வித்துகள் ஒட்டிக்கொண்டு வேறிடம் போகின்றன என்பதும் அதே தைவானில் தெரியவந்தது. ஒரே மணம், பூஞ்சைக்கு இரண்டு விதத்தில் உதவுகிறது!

வேறு பூஞ்சைகள், வேறு நஞ்சுகள்

நஞ்சு சுரக்கும் பூஞ்சை இது ஒன்றுதானா? இல்லை.

வென்ட் பெயர் சூட்டிய செவ்வழுகல் பூஞ்சையும் நஞ்சு சுரக்கிறது. கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, அதில் குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. இவை அதன் அடையாளம். இந்தப் பூஞ்சையின் நஞ்சைப் பிரித்து, கரும்புத் திசுக்கள்மேல் சோதிக்கும் ஆய்வுகள் கோயம்புத்தூர் நிறுவனத்தில் நடந்திருக்கின்றன. அன்னாசி நோய்ப் பூஞ்சை மண்ணிலிருந்து வெட்டுவாய் வழியே வருகிறது. செவ்வழுகலோ பெரும்பாலும் கரணைக்குள்ளேயே ஒளிந்து வயலுக்கு வருகிறது. அதனால் மேலே மருந்து தொட்டு நட்டால் மட்டும் அது போகாது. நோயில்லாத வயலிலிருந்து விதைக்கரும்பு எடுப்பதும், நோயைத் தாங்கும் ரகத்தை நடுவதுமே வழி.

வாடல் நோய் உண்டாக்கும் பியூசேரியம் பூஞ்சைக்கு இன்னொரு நஞ்சு: பியூசாரிக் அமிலம். இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. ஜப்பானில் நெல் நாற்றுகளை அளவுக்கு மீறி நெட்டையாக வளரவைக்கும் ஒரு பியூசேரியம் பூஞ்சை உண்டு. அப்படி வளரவைக்கும் பொருள் எது என்று தேடினார் டெய்ஜிரோ யாபுடா. 1934இல் அவருடைய குழுவுக்கு முதலில் கிடைத்தது, வளர்ச்சியைத் தடுக்கும் பியூசாரிக் அமிலம்! விடாமல் தேடி, அடுத்த ஆண்டு வளர்ச்சிப் பொருளையும் பிரித்தெடுத்து ஜிப்ரெலின் என்று பெயரிட்டார். வளர்க்கும் பொருளும் தடுக்கும் பொருளும் ஒரே பூஞ்சைக்குள் இருந்தன.

முந்துவது யார்?

பூஞ்சைக்கும் பருவுக்கும் ஒரே உணவு, ஒரே கரணை. பூஞ்சையின் நஞ்சு சேர்வதற்குள் பரு முளைத்து வேர்விட்டுவிட்டால் கரும்பு பிழைத்தது. தாமதித்தால் பூஞ்சை வென்றது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கரும்பு விவசாயி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் விளங்கிவிடும். அவர் செய்வதெல்லாம் இரண்டே வேலை: பருவை வேகப்படுத்துவது, பூஞ்சையைத் தாமதப்படுத்துவது.

ஏன் ஆறேழு மாத இளம் கரும்பை விதைக்கு எடுக்கிறார்கள்? அதில் சிறு சர்க்கரைகளும் ஈரமும் அதிகம். பரு சட்டென்று விழிக்கும். முற்றிய கரும்பின் அடிப்பகுதியைவிட நுனிப்பகுதிக் கரணை நன்றாக முளைப்பதும் அதனால்தான்.

ஏன் வெட்டிய கரணையை வைத்திராமல் சீக்கிரம் நடுகிறார்கள்? காய்ந்த கரணையில் பரு சோர்ந்துவிடும்.

ஏன் கூர்மையான கத்தியால் பிளவுபடாமல் வெட்டுகிறார்கள்? ஒவ்வொரு பிளவும் பூஞ்சைக்கு ஒரு புதிய வாசல்.

ஏன் வயலில் வடிகால் எடுக்கிறார்கள்? நீர் தேங்கினால் மண்ணின் காற்று இடைவெளிகள் அடைபட்டுப் பரு மூச்சுவிடத் திணறும். குளிர்ந்த மண்ணிலும் பரு மெதுவாகத்தான் வளரும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குளிர்ந்த, ஈரமான நாளில் நட்ட கரும்புக்கு அன்னாசி நோய் பெருந்தொல்லை. அங்கே கரணையை வெட்டி நடும் இயந்திரத்திலேயே பூஞ்சைக்கொல்லி தெளிக்கும் அமைப்பு இருக்கிறது.

நம் ஊரில் யூரியா, சுண்ணாம்பு, கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மூன்றையும் கரைத்த நீரில் கரணைகளைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து நடச் சொல்கிறார்கள். வெட்டுவாய்க்கு அது காவல். ஒரு காலத்தில் உலகின் பல நாடுகளில் இதற்குப் பாதரசம் கலந்த மருந்தைப் பயன்படுத்தினார்கள். பூஞ்சை செத்தது உண்மை; ஆனால் பாதரசம் மனிதருக்கும் மண்ணுக்கும் கேடு என்று அறிந்து கைவிட்டார்கள்.

50 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கரணையை ஊறவைப்பதும் உண்டு. அது வேறு சில நோய்களைப் போக்கும்; பருவின் உறக்கத்தையும் கலைக்கும். ஆனால் சூடுபட்ட கரணையை அன்னாசி நோய் எளிதில் பிடிக்கும். அதனால் வெந்நீருக்குப் பிறகு பூஞ்சைக்கொல்லியிலும் நனைக்கிறார்கள்.

இப்போது தமிழ்நாட்டில் பரவிவரும் நீடித்த நவீன கரும்பு சாகுபடி முறையில், பருவை மட்டும் சிறு சீவலாகப் பெயர்த்தெடுத்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் முளைக்கவைத்து, நாற்றாக வயலில் நடுகிறார்கள். சீவலில் உணவு குறைவு. வெட்டுவாயும் பருவுக்கு மிக அருகில். அதனால் சீவலுக்கு மருந்து நனைப்பு மிக அவசியம். ஆனால் ஆபத்தான முதல் வாரங்களை வயல் மண்ணில் கழிக்காமல், கண்காணிப்பில் கழிக்கிறது அந்தப் பரு.

ஹெக்டேருக்கு 75,000 கரணையில் ஐந்தில் ஒன்று முளைக்காமல் போனால் எத்தனை என்று கணக்குப் போடுங்கள்: 15,000! அவ்வளவு கரும்பும், அதை வெட்டிச் சுமந்து நட்டவர்களின் உழைப்பும் வீண். முளைப்பு வேகத்துக்காக விவசாயி இவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

செய்து பாருங்கள்

பொங்கல் முடிந்ததும் கரும்பின் நுனிப்பகுதியை எடுத்து வையுங்கள். பெரியவர்கள் ஒருவரிடம் கொடுத்து, துண்டுக்கு ஒரு பரு வீதம் ஒன்பது துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். ஆறு துண்டில் பருவுக்கு இரு பக்கமும் நான்கு விரல் நீளம் இருக்கட்டும். மூன்று துண்டில் கணுவை ஒட்டியே வெட்டட்டும்.

மூன்று தொட்டி எடுத்து ஒரே மண்ணை நிரப்புங்கள். முதல் தொட்டியில் மூன்று நீளத் துண்டு. அடியில் நீர் வடிய ஓட்டை இருக்க வேண்டும். இரண்டாவதிலும் மூன்று நீளத் துண்டு. ஆனால் ஓட்டையை அடைத்து நீர் தேங்க விடுங்கள். மூன்றாவதில் மூன்று குட்டைத் துண்டு, ஓட்டை உண்டு. மூன்று தொட்டியும் ஒரே இடத்தில் இருக்கட்டும். முதல் தொட்டியோடு ஒப்பிட்டால் மற்ற இரண்டிலும் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்கிறது, கவனித்தீர்களா? சோதனை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று துண்டு வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒன்றே ஒன்றை வைத்து, அது தற்செயலாகப் பட்டுப்போனால் தவறான முடிவுக்கு வந்துவிடுவோம்.

எந்தப் பரு எந்த நாளில் முளைத்தது என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். ஐந்து வாரம் கழித்து முளைக்காத துண்டுகளைப் பெரியவர் துணையோடு எடுத்துப் பிளந்து, வெட்டுவாயின் நிறத்தை வரைந்து வையுங்கள். உங்கள் மண்ணில் அன்னாசிப் பூஞ்சை இல்லாமலும் இருக்கலாம். அழுகவைத்தது வேறு நுண்ணுயிராகவும் இருக்கலாம். அழுகிய துண்டை மூக்கருகே கொண்டுபோக வேண்டாம்; கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எந்தத் தொட்டியில் முளைப்பு தாமதித்தது, எந்தத் தொட்டியில் அழுகல் அதிகம் என்ற இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா? விடையோடு, கரும்பு நடும் ஒரு விவசாயியிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் நோட்டைப் பார்த்ததும் அவர் சொல்வதற்கு நிறைய இருக்கும்.